ரோஸ்விதாவின் துப்பாக்கிக்குத் தகுந்த காரணம்

ஒரு மனுஷருக்குத் துப்பாக்கி எதற்கு என்ற கேள்விக்கு எங்கள் மாவட்ட அலுவலகத்தின் ஆயுதப் பிரிவில் மூன்று விடைகள் உண்டு. வேட்டை, போட்டி, சேகரிப்பு. நாலாவதாக ஒரு விடை இருப்பதாக இதுவரை யாரும் எழுத்து மூலம் தெரிவித்ததில்லை. ரோஸ்விதா தெரிவித்தாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

நான் ஹோல்ட்டர்பெக் ஊர்க் குறிசுடுவோர் சங்கத்தின் செயலாளர் விக்பெர்ட். பத்தொன்பது வருஷமாக இந்தப் பதவியில் இருக்கிறேன். தற்பெருமை எனக்கு அறவே பிடிக்காது. ஆனால் எங்கள் சங்க விதிப்புத்தகத்தின் நூற்று நாற்பது பக்கங்களில் நூற்றுப் பன்னிரண்டு நான் எழுதியவை என்பதை மறைத்தால், அது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். உறுப்பினர்கள் பதினாலு பேர். ஆளுக்குப் பத்துப் பக்கம் என்று கணக்கு சரியாக வரும். படித்தவர் யாரும் இல்லை, அது வேறு விஷயம்.

ரோஸ்விதா ரொட்டிக்கடையில் வேலை செய்கிறாள். ஐம்பத்து நாலு வயது. கடையில் காலையிலிருந்து நின்றபடி எல்லோரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும், முதலாளி உத்தரவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சங்கத்தின் சுடும் மைதானத்துக்கு வருவாள். போன ஏப்ரலில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நெம்புகோல் வைத்த சின்னத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து, "நீங்களும் ஒரு தடவை சுடுங்கம்மா" என்று கொடுத்தார். சுட்டாள். இரும்புத் தட்டு 'டிங்' என்று விழுந்தது. சிரித்தாள் பாருங்கள், மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டது.

"விக்பெர்ட், கடையில நான் சிரிக்கிறது சம்பளத்துக்கு. இது எனக்கே எனக்கு. இந்த மாதிரி ஒண்ணு நான் வாங்கியே ஆகணும்" என்றாள்.

சரி என்று துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் கஸ்பர் முதலில் எடுத்து வைத்த சாமானைத் துப்பாக்கி என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. பல் டாக்டரின் நாற்காலிக்குக் குழல் வைத்த மாதிரி இருந்தது.

"தோள்ல வைக்கிற எடத்த ஏத்தலாம், எறக்கலாம். கன்னம் வைக்கிற எடத்தப் பதினேழு விதமாத் திருப்பலாம்" என்றார் கஸ்பர்.

"எப்போ சுடுவாங்க?" என்றாள் ரோஸ்விதா.

"திருப்பி முடிச்சப்புறம்."

"என்ன விலை?"

"மூவாயிரத்து எண்ணூறு யூரோ. சட்டை தனி. கையுறை தனி. ஒத்தைக் கண்ணுக்கு ஒரு கண்ணாடி இருக்கு, அதும் தனி."

சட்டை என்றதும் எனக்கு எங்கள் பொருளாளர் லூட்கர் ஞாபகம் வந்தது. இறுதிச் சடங்குக் கம்பெனி நடத்துகிறவர். போன வருஷம் எல்லோரும் வாங்குகிறார்களே என்று அவரும் அந்த விறைப்புச் சட்டையை வாங்கினார். போட்டால் உடம்பு அசையாது. உண்மைதான், அசையவே இல்லை. அன்றைக்கு உருளைக்கிழங்கு சாலடை நாங்கள்தான் ஊட்டிவிட்டோம்.

ரோஸ்விதா அலமாரியின் கோடியைக் காட்டினாள். "அது என்னங்க?"

"ஐயோ, அது வேண்டாம்மா. நெம்புகோல் துப்பாக்கி, பழசு. கட்டையில கீறல் வேற. நாலு நூத்தி இருவது யூரோதான். குண்டும் மலிவு. சும்மா ஜாலிக்குச் சுடறது."

"குடுங்க."

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்க இடம் உண்டு. பத்துக் குண்டு போட்டாள். காதுக்கு மூடி மாட்டினாள். நெம்புகோலை இழு, தள்ளு, டிங். இழு, தள்ளு, டிங். அஞ்சாவது தட்டில் சிரிக்க ஆரம்பித்தவள் பத்தாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கஸ்பரே சிரித்துவிட்டார். விலை உயர்ந்த சாமான் விற்கவில்லையே என்ற துக்கத்தையும் மீறி.

"அனுமதிச் சீட்டு கொண்டாங்க, ஆறு வாரம் எடுத்து வைக்கிறேன். அதுக்கு மேல முடியாது. ஒரு கால்நடை டாக்டர் ரெண்டு தடவை கேட்டுட்டார்."

விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் நான் நிரப்பியிருக்க வேண்டும். 'காரணம்' என்ற இடத்தை மட்டும், அவள் சொந்த விஷயமாச்சே என்று, அவளிடமே விட்டேன். பத்தொன்பது வருஷத்தில் நான் செய்த ஒரே தப்பு அதுதான்.

ஒன்பதாம் நாள் ஆயுதப் பிரிவிலிருந்து அழைப்பு. அங்கே அதிகாரி டாக்டர் ட்ரோஸ்ட. மருந்து டாக்டர் இல்லை, படிப்பு டாக்டர். பாலாடைக்கட்டியில் சட்டப்படி எத்தனை ஓட்டை இருக்கலாம் என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். ஆயுதப் பிரிவுக்கு அப்படிப்பட்ட நிபுணர் கிடைத்தது எங்கள் மாவட்டத்தின் பாக்கியம்.

"உக்காருங்கம்மா" என்றார், ரொம்பக் கனிவாக. "காரணம்கிற எடத்துல 'சந்தோஷமா இருக்கு'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"எவ்வளவு நாளா?"

"போன ஏப்ரல்லேர்ந்து."

"அடிக்கடி வருதா?"

"வெள்ளிக்கிழமை மட்டும்."

"வீட்ல வேற யாருக்காவது?"

நான் குறுக்கிட்டேன். "டாக்டர் ஐயா, அவங்க விளையாட்டுப் போட்டிக்குன்னு சொல்ல வந்தாங்க. வாய் தவறி…"

"போட்டின்னா புள்ளி இருக்கும், பட்டியல் இருக்கும், தோத்துப்போன முகம் இருக்கும். சந்தோஷத்துல என்ன இருக்கு? இன்னிக்கு இவங்க ஒரு சின்னத் துப்பாக்கி கேக்கறாங்க. நாளைக்கு ஒருத்தர் பீரங்கி கேட்டு வந்து, அதுவும் சந்தோஷத்துக்குத்தான்னு சொன்னா நான் எந்த முகத்தோட மறுப்பேன்?"

நியாயமாகப் பட்டது. அதுதான் இந்த ஆட்களிடம் உள்ள ஆபத்து, பேசப் பேச எல்லாம் நியாயமாகப் படும்.

"அப்ப எனக்குக் கிடையாதா?" என்றாள் ரோஸ்விதா. குரல் உடைந்திருந்தது.

டாக்டர் ட்ரோஸ்ட கல்நெஞ்சர் இல்லை. யோசித்தார். "சந்தோஷம் இல்லைன்னு நிரூபிச்சா பரிசீலிக்கலாம். நான் நேர்ல வரேன். பத்துக் குண்டு சுடுங்க. பத்துக்கும் முகத்துல மாற்றம் தெரியக் கூடாது. அதுக்குப் படிவம் இருக்கு."

"அப்படி ஒரு படிவம் இருக்குங்களா?"

"மத்தியானத்துக்குள்ள இருக்கும்."

கஸ்பர் வைத்த கெடு முடிய நாலு வாரம் பாக்கி. சங்கம் ஒரே மனதாகக் களத்தில் இறங்கியது. துக்கப் பயிற்சிக்கு லூட்கரைவிட்டால் வேறு யார்?

"சிரிப்பு வந்தா நாக்க மேலண்ணத்துல ஒட்டு" என்றார் லூட்கர். "செத்தவரோட மச்சான் ஒருத்தர் குழிக்குள்ளயே வழுக்கி விழுந்தார். அன்னிக்கு எனக்குக் கைகொடுத்தது அதான்."

"ஐயோ லூட்கர், அதச் சொல்லி என்னைச் சிரிக்க வைக்காதீங்களேன்!"

ரெண்டு குண்டுக்கு நடுவில் என் விதிப்புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் சத்தமாகப் படிக்கலாம் என்றார் ஒருவர். படித்தோம். அது அவ்வளவு நன்றாக வேலை செய்ததில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். அவளுக்குத் துணையாக நாங்கள் பதிமூன்று பேரும் சிரிக்காமல் சுட்டோம். இடையில் யாரும் பேசவில்லை. மூன்றாம் வெள்ளிக்கிழமை பாதிரியார் சைக்கிளில் வந்து, யார் போய்ட்டாங்க, மணி அடிக்கணுமா என்று விசாரித்தார்.

சோதனை நாள் வந்தது. டாக்டர் ட்ரோஸ்ட மடக்கு மேஜை, மூன்று பிரதிப் படிவம் எல்லாவற்றோடும் வந்து சேர்ந்தார். மரியாதைக்குச் சுட்ட சாஸேஜும் கடுகுச் சாந்தும் வைத்தோம். கஸ்பர் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் காதுமூடி.

முதல் குண்டு. டிங். ரோஸ்விதாவின் முகம் சிமெண்டு. இரண்டு, மூன்று, நாலு. சிமெண்டு. ஏழாவது குண்டில் துப்பாக்கி துப்பிய காலித்தோட்டா மேலே எழும்பி, நிதானமாக ஒரு வளைவு போட்டு, டாக்டர் ட்ரோஸ்டவின் கடுகுச் சாந்தில் செங்குத்தாக இறங்கி நின்றது. அவர் குனிந்து பார்த்தார். "இது தற்செயலா?" என்றார்.

நான் என் டையைக் கடித்துக்கொண்டேன். லூட்கரின் விறைப்புச் சட்டையில் எங்கேயோ தையல் பிரிந்த சத்தம் கேட்டது. கஸ்பர் முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்தார், முதுகு குலுங்கியது. ரோஸ்விதா? சிமெண்டு! கண்ணில் மட்டும் தண்ணீர். எட்டு, ஒன்பது, பத்து.

"துக்கம் திருப்திகரம்" என்று எழுதினார் டாக்டர் ட்ரோஸ்ட. நாங்கள் பெருமூச்சு விட்டோம். அவர் பேனாவை மூடவில்லை. "ஆளைச் சோதிச்சாச்சு. ஆயுதத்தையும் சோதிக்கணும். அதுக்குள்ளயே சந்தோஷம் தர்ற தன்மை இருந்தா என்ன பண்றது? குடுங்க."

அவர் அதுவரை துப்பாக்கி சுட்டதே இல்லை. எப்படிப் பிடிப்பது, எங்கே விரல் வைக்கக் கூடாது என்று ரோஸ்விதாதான் பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். சுட்டார். டிங்.

"ஹி."

டாக்டர் ட்ரோஸ்ட சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என்ன சத்தம் அது?" என்றார்.

"உங்களோடதுங்க" என்றாள் ரோஸ்விதா.

"குறிச்சுக்கறேன்." குறிக்கவில்லை. நெம்புகோலை இழுத்தார். டிங். "ஹிஹி." டிங். "ஹ்ஹ்ஹோ!" பத்தும் தீர்ந்தது. "இன்னும் இருக்கா? மாதிரி அளவு போதாது, குறைஞ்சது அம்பதாவது வேணும்!" அம்பதும் தீர்ந்தபோது மனிதர் மடக்கு மேஜையில் கவிழ்ந்து, படிவத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவருக்கு ஞாபகம் வந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"நான் சிரிச்சேனா?"

ரோஸ்விதா துப்பாக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கெடு முடிய ஒரே நாள் பாக்கி. அந்த மனுஷர் 'ஆம்' என்று எழுதினால் எல்லாம் முடிந்தது.

ஈரமான படிவத்தை உதறிக் காயவைத்தார். பிறகு எழுந்து கோட்டைச் சரிசெய்தார். "நான் இங்க அலுவல் நிமித்தமா வந்திருக்கேன். அலுவல்ல சந்தோஷம் கிடையாது. இருபத்தாறு வருஷ அனுபவத்துல சொல்றேன். ஆக, என்கிட்டேர்ந்து வந்தது எதுவா இருந்தாலும் சிரிப்பா இருக்க முடியாது."

கையெழுத்துப் போட்டார். எங்கள் லூட்கர் அவரைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். சட்டை விடவில்லை.

மறுநாளே ரோஸ்விதா துப்பாக்கியை வாங்கிவிட்டாள். அனுமதிக் கடிதத்தின் கீழே பொடி எழுத்தில் ஒரே ஒரு நிபந்தனை: மேற்படி ஆயுதம் மேற்படி மைதானத்தில் தகுந்த கவனத்தோடு கையாளப்படுவதைச் சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். சிரிக்கக் கூடாது என்று அதில் இல்லை. நன்றாகக் கவனியுங்கள், இல்லவே இல்லை.

எங்களுக்கு அது போதுமா? அவசரப் பொதுக்குழு கூட்டினேன். ரோஸ்விதாவின் துப்பாக்கிக்கு நாளைக்கு ஒரு ஆபத்து வந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ஆறரை மணி நேரம் விவாதித்தோம். புன்னகை வேறு, சிரிப்பு வேறு என்று ஒரு உபகுழு வரையறுத்தது. பல் தெரிந்தால் சிரிப்பு. கடைசியில் புது விதி நிறைவேறியது: மைதானத்தில் சிரிப்பவர் அடுத்த ஆண்டுப் பொதுக்குழு வரை விலக்கி வைக்கப்படுவார். இவ்வளவு அழகான விதியை நான் அதற்கு முன் எழுதியதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ரோஸ்விதா தன் சொந்தத் துப்பாக்கியை எடுத்தாள். கட்டையிலிருந்த கீறலைத் தடவிப் பார்த்தாள். குறி வைத்தாள். டிங். ஒரு மாசமாக அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

விசில் ஊதினேன்.

"என்ன விக்பெர்ட்?"

"பல் தெரிஞ்சுது, ரோஸ்விதா."

"ஆபீஸ்காரரே விட்டுட்டாரேப்பா!"

"அவங்க ஆபீஸ், வளைஞ்சு குடுக்கலாம். நாம சங்கம். உன் நல்லதுக்குத்தானே எழுதினோம்?"

ஓட்டுக்கு விட்டோம். பதிமூன்று கை உடனே எழுந்தது. ரோஸ்விதா விதியை வாங்கி ரெண்டு தடவை படித்தாள். "சரியாத்தான் எழுதியிருக்கு" என்று சொல்லி அவளும் கை தூக்கினாள். பதினாலு. ஏகமனதாக நிறைவேறியது.

பொதுக்குழு மார்ச்சில். அதுவரை துப்பாக்கி சங்கத்துப் பெட்டகத்தில் இருக்கிறது. உபயோகிக்காமல் கிடந்தால் அனுமதி காலாவதி ஆகிவிடும், அது அவளுக்கு நாங்கள் செய்யும் அநியாயம். ஆகவே டாக்டர் ட்ரோஸ்ட வாராவாரம் ஆய்வுக்கு வந்து, ரோஸ்விதா அனுப்பி வைக்கிற குண்டில் அம்பது சுட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார். ரோஸ்விதா வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். நாங்கள் பதிமூன்று பேர் இந்தப் பக்கம் வரிசையாக நின்று பார்க்கிறோம். இதுவரை எங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.