பட்டியலில் பெயரில்லாத என் மாமியார்

சர்க்கார் வேலைக்கு நல்ல கையெழுத்து இருந்தால் போதும், புத்தி தேவையில்லை என்று நம்பிய முட்டாள்களில் நானும் ஒருவன். அந்தக் கையெழுத்தால்தான் முதல் பொதுத்தேர்தலுக்கு வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியல் எழுதும் தற்காலிக வேலை எனக்குக் கிடைத்தது. கல்யாணமாகி மூன்றே மாதம். எனக்குக் கொடுத்த ஊர், பூதப்பாண்டி பக்கத்தில் என் மாமனார் ஊர். (நடையைப் பார்த்திருக்க வேண்டுமே! கலெக்டர் தோற்றார்.)

எங்கள் பக்கத்தில் மருமகன் மாமியாரின் பெயரைச் சொல்லவும் மாட்டான், கேட்கவும் மாட்டான். மாமனார் வயலுக்குப் போயிருந்தார். மனைவியிடம் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே முத்து முத்தாக, 'கணக்கெடுப்பவரின் மாமியார்' என்று எழுதிவிட்டேன். பட்டியலைச் சாவடியில் ஒட்டினார்கள். ஊரே வாசித்துச் சிரித்தது.

சிரிப்பு அடங்குமுன் டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது. சொந்தப் பெயர் இல்லாமல், இன்னார் மனைவி, இன்னார் அம்மை என்று மட்டும் எழுதிய பெண்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டுமாம். சாயாக்கடையில் ஒரே சண்டை. (அப்போது எங்களுக்குத் தலைநகர் திருவனந்தபுரம்.) "நம்ம வீட்டு முறை டெல்லிக்காரனுக்கு என்னவேய் தெரியும்? திருவனந்தபுரம் பாத்துக்கிடாதா?" என்று கத்தியவர்களில் நான்தான் முதல் ஆள். பழியை டெல்லி மேல் போட்டால் நான் தப்பிக்கலாமே!

அத்தைக்கு ஓட்டுப்போடக் கொள்ளை ஆசை. அதற்கென்றே புதுச் சேலை எடுத்து வைத்திருந்தார். பெயரை அடித்துவிட்டார்கள் என்று கேட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இவங்க ஒம்ம மாமியார்தானே?"

"சத்தியமா சார்."

"அப்ப நீரே சாட்சி. பேரைச் சொல்லும்."

நான் மேசை மேலிருந்த மைக்கூட்டைப் பார்த்தேன். முறை தடுக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மை அதைவிடக் கேவலம். எனக்குப் பெயரே தெரியாது! என் மனைவிக்கு அவர் 'அம்மை', மாமனாருக்கு 'ஏட்டி'. கல்யாணக் கடிதத்திலும் மாமனார் பெயர் மட்டும்தான்.

"வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்லட்டுமா சார்?" என்றேன், அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. ஆபீசே குலுங்கியது.

அத்தை சிரிக்கவில்லை. "பகவதியம்மை. எழுதிக்கிடுங்க சார்" என்றார்.

வெளியே வந்ததும் நான் மறுபடி டெல்லியைத் திட்டத் தொடங்கினேன்.

"அவன ஏசாதேயும் மருமவனே. இம்புட்டு வருசத்துல எம் பேரக் கேட்ட மொத ஆளு அவந்தான்."

வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன். அந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

தேர்தலன்று வாக்குச்சாவடியில் பெயர் கேட்டபோது, புதுச் சேலையில் நின்ற அத்தை, ஆண்கள் வரிசையில் இருந்த என் பக்கம் திரும்பி, "பகவதியம்மை! கேட்டுக்கிட்டீரா மருமவனே?" என்று கூவினார். அன்று பிடித்தது சனியன். இப்போதும் எந்தத் தேர்தல் வந்தாலும் என் மனைவி வாசலை மறித்து நிற்பாள்.

"எம் பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்."

பேரப்பிள்ளைகள் முன்னால் உரக்கச் சொன்னால்தான் வழிவிடுவாள்.