காரீயச் சொம்பு

எவர்சில்வர் என்கிற பேச்சே இனி வீட்டில் எழக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் லிங்கசாமி காதர்பேட்டைச் சாலையோரத்தில் அந்த ஈயச் சொம்பை வாங்கினார்.

நல்லூர் பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். துணியில் ஒரு விரற்கடை வீணாக விடமாட்டார். வீட்டிலும் அதே கத்தரிதான். மனைவி தெய்வாத்தாள் கல்யாணமான நாளாக எவர்சில்வர் பாத்திரம் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தாள்.

"இந்தா புள்ள, ஈயச் சொம்பு! இதுல ரசம் வெச்சாத் தெருவே மணக்கும். எவர்சில்வர்ல மணக்குமா?"

தெய்வாத்தாள் வாங்கி ஒருமுறை கையில் தூக்கிப் பார்த்தாள். "ஈயாத மனுசரு ஈயம் வாங்கியாந்திருக்கீங்க. மழைதான் வரப்போகுதுங்க" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் ரசம் மணந்தது. லிங்கசாமி டம்ளர் டம்ளராகக் குடித்தார். சொம்பின் பெருமையைக் கம்பெனியில் ஒருவர் விடாமல் அளந்தார்.

திங்கட்கிழமை காலை டீக்கடையில் கம்பவுண்டர் ஆத்தப்பன் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, அந்தச் சொம்பைத் தாள்ல தேச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"பென்சிலாட்டம் கறுப்பாக் கோடு உழுந்தா அது வெள்ளீயமில்லீங்க, காரீயம். புளித்தண்ணியில கரைஞ்சு உள்ள போயிரும். மொதல்ல வயித்துவலி. பொறகு மணிக்கட்டு தொவண்டுரும். அப்புறம் புத்தி மழுங்கும். காரீயம் சேரச் சேர, கடைசியில காரியந்தானுங்க!"

லிங்கசாமிக்கு அங்கேயே வயிறு வலித்தது. கம்பெனியில் கத்தரி நழுவியது. மணிக்கட்டு! பதினெட்டுப் பனியனுக்குக் கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் கைக்கு வெட்டினார். புத்தி!

மதியமே வீட்டுக்கு ஓடினார். தெய்வாத்தாள் கிணற்றடியில் இருந்தாள். சமையலறைச் சொம்பை எடுத்துச் செய்தித்தாளில் தேய்த்தார். பட்டை பட்டையாகக் கறுப்பு.

உண்மையைச் சொன்னால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். சொல்லாவிட்டால் ஆயுசே இருக்காது. யோசித்தார். வழி பிறந்தது. பிரியத்தில் வாங்கித் தருவதுபோல் எவர்சில்வரையே வாங்கித் தந்துவிட்டால்?

கடைவீதிப் பாத்திரக் கடைக்காரர் அவரைப் பார்த்ததுமே முகம் மலர ஒரு கூடையைத் தூக்கி வைத்தார். உள்ளே பார்க்கக்கூட லிங்கசாமிக்குப் பொறுமையில்லை. காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் தூக்கிவந்தார்.

"இந்தா புள்ள! ரொம்ப நாளா ஆசைப்பட்டியே. இனி நம்மூட்டுல எல்லாமே எவர்சில்வர்தான்."

"ஏனுங்க திடீர்னு? அப்ப சொம்பு?"

"அது கெடக்குது. உன் ஆசையை விடவா?" என்றபடி சொம்பை மெல்லக் கக்கத்தில் ஒளித்தார்.

"காரீயத்தைக் கக்கத்துல வெக்காதீங்க. தூக்கினப்பவே கனம் சொல்லுச்சு. அன்னிக்கே தாள்ல தேச்சும் பாத்துட்டனுங்க. ரசம் பூராவும் மண்சட்டியிலதான் வெச்சேன்."

"அப்ப எம்பட வயித்துவலி?"

"அது ஆத்தப்பண்ணன் சொன்ன பொறகு வந்ததுங்க."

"அவன் சொன்னது உனக்கெப்படித் தெரியும்?"

"நாந்தான் சொல்லச் சொன்னனுங்க. நாஞ்சொன்னா நீங்க கேப்பீங்களா?"

லிங்கசாமி கூடையைத் தன் பக்கம் இழுத்தார். போகட்டும், வாங்கியது தான்தானே. பாத்திரத்தில் தன் பேரையாவது வெட்டிவிடலாம் என்று ஒரு குண்டாவைத் திருப்பினார்.

'தெய்வாத்தாள்' என்று ஏற்கெனவே வெட்டியிருந்தது. கீழே தேதியும் இருந்தது. போன வெள்ளிக்கிழமை.