பையன்கள் விடுதிக்கு ஒரு பூட்டு

விடுதிப் பொறுப்பாளர் அன்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அந்தப் பொறியியல் பல்கலைக்கழகத்தில் வருடா வருடம் நடப்பதுதான். மாணவிகள் வந்து, "ஏழு மணிக்கே எங்க விடுதிக் கதவைப் பூட்டாதீங்க சார்" என்பார்கள். இவர் "பாதுகாப்பு" என்று ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுவார்.

"பகல் முழுக்க லேப்ல வகுப்பு சார்," என்றாள் கண்ணாடி போட்ட மாணவி. "ராத்திரிதான் மெஷின் காலி. பசங்க விடிய விடிய வேலை பாக்குறாங்க. நாங்க உள்ள அடைஞ்சு கிடக்குறோம். எங்க எஞ்சின் பாதியில நிக்குது. இப்படியே போனா எங்களுக்குப் பட்டம் கிடைக்காது."

பக்கத்தில் அவள் தோழி. கையெல்லாம் கிரீஸ். வாயைத் திறக்கவில்லை.

"பாதுகா..." என்று ஆரம்பித்தார் பொறுப்பாளர்.

"எங்க கதவைத் திறக்கச் சொல்லல சார். பசங்க கதவையும் ஏழு மணிக்குப் பூட்டுங்க. சமத்துவம்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?"

பொறுப்பாளருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. சமத்துவத்துக்கு மதிப்பெண் போட ஒரு குழு வரப்போகிற நேரம். அது இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ வாங்கியிருப்பார். அன்று மாலையே பூட்டு வந்தது. 'இருபாலருக்கும் ஒரே விதி' என்று வாசலில் ஒரு பெரிய பலகையும் வந்தது.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவர் உலோகவியல் பேராசிரியர்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க? ராத்திரி என் உலையை யார் பாத்துக்கறது?"

"நீங்களே கொஞ்சம் உட்காருங்களேன்."

பேராசிரியர்கள் இரவில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய மனைவிமார் பகலில் பொறுப்பாளருக்கு ஃபோன் போட்டார்கள். காது சூடாகும்வரை கேட்டுவிட்டு, தூக்க முடிந்த கருவிகளை எல்லாம் பையன்கள் விடுதிக்கே கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனார்கள். பையன்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிளக்கில் சொருகினார்கள். விடுதியே இருண்டுவிட்டது. அந்த இருட்டில் சுவர் ஏறிக் குதித்தவன் காலை உடைத்துக்கொண்டான்.

சுவரை உயர்த்தச் சொன்னார். கொத்தனார் தோண்டிய இடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. குளிக்காத மாணவர்கள் மொத்தப் பேரும் அவர் அறை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினால் அங்கே மனைவி காத்திருந்தாள். மகனும் அதே விடுதிதான்.

"இருபது வயசுப் பையனை அடைச்சு வச்சிருக்கீங்களே, அவன் என்ன ஆடா மாடா?"

"பொண்ணுங்களையும்தான் அடைச்சு வச்சிருக்கோம்."

"அவங்களுக்குப் பழக்கம். இவனுக்குப் பழக்கமில்லையே!"

வாரம் முடிவதற்குள் துணைவேந்தர் கூப்பிட்டார்.

"முதல்ல பசங்க கதவைத் திறந்து விடுங்க."

"பொண்ணுங்க கதவு?"

"அது வழக்கம்போல இருக்கட்டும்."

"நாளைக்குக் குழு வருது சார். பலகை வேற வச்சுட்டோம். ஒரு பக்கம் மட்டும் திறந்தா மானம் போயிடும்."

துணைவேந்தர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ரெண்டையும் திறந்து தொலைங்க!"

பொறுப்பாளர் பெண்கள் விடுதியை நோக்கி நடந்தார். பாவம், பிள்ளைகள் நம்பி வந்து ஒன்றைக் கேட்டார்கள், அதைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கண்ணாடிக்காரியும் தோழியும் வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

"மன்னிச்சுக்கங்கம்மா. நீங்க கேட்டது நிலைக்கல. பசங்க கதவைத் திறக்க வேண்டியதாப் போச்சு. வேற வழியில்லாம உங்க கதவையும் திறந்து விடச் சொல்லிட்டாங்க."

கண்ணாடிக்காரி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோழிதான் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"வருத்தப்படாதீங்க சார். எங்களைத் திறந்து விடுங்கன்னு அக்காங்க வருஷா வருஷம் கேட்டாங்க, ஒருத்தருக்கும் வலிக்கல. அதான் இந்தத் தடவை பசங்களைப் பூட்டச் சொன்னோம்."