நான்காம் எண்ணுக்குத் தொண்ணூற்றாறு

இந்த கிறிஸ்துமஸுக்கு என் மனைவி தேவகனி தனிப்பாடல் பாடக் கூடாது என்று அக்டோபர் மாதமே முடிவு செய்துவிட்டேன்.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இசைமேல் பகை கிடையாது. சாப்பாட்டின்மேல் பற்று உண்டு. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் ஊர் பூதப்பாண்டிக்குப் பக்கம். சபையில் நூற்றெண்பது குடும்பங்கள். டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி கேரல் ஆராதனை. அதற்குப் பாடகர் குழு நவம்பர் பாதியிலேயே பயிற்சி தொடங்கிவிடும். தினமும் மாலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை. போன வருடம் தேவகனி கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வரிசையில்தான் நின்றாள். அதற்கே முப்பத்திரண்டு நாள் எனக்கு மாலைக் காப்பி இல்லை, ராத்திரிக்கு மீன்கறி இல்லை. முப்பத்திரண்டு நாளும் பேக்கரி ரசவடை. கடைசி வாரத்தில் என் வயிறு தனியாக ஒரு பாடகர் குழு நடத்தியது. தனிப்பாடல் என்றால் எட்டரைக்குப் பிறகும் ஒரு மணி நேரம் தனிப் பயிற்சி உண்டு. நான் முப்பத்துநான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். இந்தக் கணக்கு எனக்குப் போடத் தெரியாதா?

முடிவு செய்வது சுலபம். அதை தேவகனியிடம் சொல்வதுதான் கஷ்டம். அதனால் சொல்லவில்லை. சந்தர்ப்பத்துக்குக் காத்திருந்தேன். அது ஸ்கூட்டரில் வந்தது.

ரிஜோ என் பழைய மாணவன். இப்போது பாடகர் குழுத் தலைவன். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வராமலே பேசினான்.

“சார், புதுப்பாட்டு ஒண்ணு போட்டிருக்கேன். நடுவுல ஒருத்தர் மட்டும் தனியா பாடணும். நாலு பேரு கேக்காங்க. தேவகனி ஆன்ட்டி, பெமிலா அக்கா, ரெஜிலா, ஜெஸ்பின். நான் ஒரு பேரைச் சொன்னா மத்த மூணு வீட்லயும் எனக்குத் தண்ணி கிடைக்காது. நீங்க மார்க் போட்டுத் தரணும்.”

“ஏலே, அதுல ஒண்ணு எனக்க வீட்டுக்காரி.”

“அதனாலதான் சார் உங்ககிட்ட வந்தேன். நீங்க அவங்களுக்குக் கூட்டிப் போடமாட்டீங்கன்னு எல்லாருக்கும் நம்பிக்கை இருக்கு.”

ஊர் என்னை இவ்வளவு கவனித்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அவன் பயந்ததில் தவறில்லை. இரண்டு வருடம் முன்பு தனிப்பாடலுக்கு ஒருத்தியைத் தேர்ந்தெடுத்ததில் மூன்று குடும்பங்கள் ஆலயத்தில் இடம் மாறி உட்கார்ந்தன. இன்னும் திரும்பி வரவில்லை. பாடகர்களை வரிசைப்படுத்துவதில் எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு சட்டம். பக்கத்து வீட்டு நாராயணபெருமாள் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தனக்குக் கல்யாணமான வருடம்தான் அவருக்கு எல்லைக்கல். அதற்கு முன் பாடியவர்கள் எல்லாம் மேதைகள். பின்னால் வந்ததெல்லாம் சத்தம். தோஹாவில் இருக்கும் என் மகன் அபினேஷுக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் தரம். அந்தக் கணக்கில், திற்பரப்பு அருவியில் வழுக்கி விழுந்த ஒருவரின் வீடியோ உலகின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்று. தேவகனியின் சட்டம் வேறு. யார் பாடும்போது அடுப்பில் தோசை கருகுகிறதோ அவருக்கு முதலிடம். எங்கள் வீட்டில் பல பெரிய பாடகர்களின் பெருமை என் தட்டில்தான் வந்து விழுந்திருக்கிறது.

இவ்வளவு குழப்பத்துக்கும் என்னிடம் ஒரு மருந்து இருந்தது. பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் முகாமில், விடைத்தாளில் இருக்கும் பெயரையும் பதிவெண்ணையும் எடுத்துவிட்டு டம்மி எண் போட்டுத் தருவார்கள். எந்தப் பிள்ளையின் தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. அதையே இங்கேயும் செய்வோம் என்றேன். நான்கு பேரும் அவரவர் வீட்டில் போனில் பாடிப் பதிவு செய்து ரிஜோவுக்கு அனுப்ப வேண்டும். அவன் ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டு எனக்கு அனுப்புவான். எந்த எண் யாருடையது என்ற சீட்டு ஒட்டிய கவரில் போதகரிடம் இருக்கும். சுருதிக்கு இருபத்தைந்து, தாளத்துக்கு இருபத்தைந்து, உச்சரிப்புக்கு இருபத்தைந்து, பாவத்துக்கு இருபத்தைந்து.

சபைக் கமிட்டியில் பதினொரு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நேர்மைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னமே முயன்று பார்த்திருப்பேன்.

என் திட்டம் இதுதான். தேவகனியின் பதிவு எது என்று கண்டுபிடித்து அதைக் கடைசியில் தள்ளுவது. ஆள் தெரியாமல் போட்ட மார்க் என்பதால் வீட்டில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. பழி எண்ணுக்கு, மீன்கறி எனக்கு.

ஒரே ஒரு சிக்கல். முப்பத்தோரு வருடமாக அவள் பாட்டை நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. அவள் பாடத் தொடங்கினால் நான் பேப்பரைப் பிரிப்பேன். கூப்பிடும் குரல் தெரியும். திட்டும் குரல் தூக்கத்திலும் தெரியும். பாடும் குரல்? நான்கில் ஒன்றை எடு என்றால் தடுமாறுவேன்.

ஆனால் எங்கள் படுக்கையறை மின்விசிறியை எனக்குத் தெரியும். பதினோரு வருடமாக ஒரே பல்லவி. கிறுக், கிறுக், டக்.

“ஏட்டி, எங்க வச்சுப் பாடப்போற?” என்று சாதாரணமாகக் கேட்டேன்.

“அடுக்களையில.”

“பாத்திரச் சத்தம் கேக்கும். படுக்கையறையில வச்சுப் பாடு. ஜன்னலைச் சாத்திக்கோ. வேர்க்கும், ஃபேனைப் போட்டுக்கோ.”

தேவகனி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை ஒரு நொடி நின்றது.

“ஃபேனைப் போடணுமா?”

“பின்னே. தொண்டை வறண்டு போகும்லா.”

“நீங்க சொன்னா சரிதான்,” என்றாள். “நீங்க அன்னேரம் வீட்ல இருப்பியளா?”

“இருக்கமாட்டேன். நான் கேட்டுட்டேன்னு யாரும் சொல்லிரக் கூடாதுல்லா.”

“கொள்ளாம். உங்களுக்கு என்ன ஒரு நேர்மை.”

கல்யாணமான நாளிலிருந்து ‘நீங்க சொன்னா சரிதான்’ என்று அவள் மூன்று முறைதான் சொல்லியிருக்கிறாள். முந்தைய இரண்டு முறையும் என்ன நடந்தது என்பதை அப்போது நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நாராயணபெருமாளிடம் மட்டும் திட்டத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம்.

“வோய், இது வேண்டாத வேலை,” என்றார். “அவ உம்மளவிட ரெண்டு வகுப்பு கூடுதலாக்கும்.”

“நான் எம்.எஸ்ஸி. அவ பிளஸ் டூ.”

“படிப்பைச் சொல்லல்ல வோய்.”

புதன்கிழமை மத்தியானம் நான்கு பதிவுகளும் வந்தன. சிவப்பு மை பேனா, மதிப்பெண் தாள், ஹெட்போன் எல்லாம் எடுத்துக்கொண்டு மாடி அறையில் உட்கார்ந்தேன்.

முதல் எண். நடுவே எங்கோ லாரி போகிறது. ஐம்பத்தொன்று. இரண்டாம் எண். வேறு எந்தச் சத்தமும் இல்லை, பாட்டு மட்டும் இருந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை. நாற்பத்திரண்டு.

மூன்றாம் எண். பாட்டு தொடங்கும் முன்பே வந்துவிட்டது. கிறுக், கிறுக், டக்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இசை கேட்டுச் சிலிர்த்தது அதுதான் முதல் தடவை. சுருதிக்கு ஒன்பது, தாளத்துக்கு ஒன்பது, உச்சரிப்புக்கு எட்டு, பாவத்துக்கு ஒன்பது. ஆக முப்பத்தைந்து. அது பாஸ் மார்க். மனைவியை ஃபெயிலாக்கும் துணிவு எனக்கு இல்லை. கீழே குறிப்பும் எழுதினேன்: ‘குரலில் களைப்பு தெரிகிறது. மாலை நேரங்களில் வீட்டில் இருந்து ஓய்வெடுப்பது நல்லது.’

நான்காம் எண்ணில் வாத்துகள் கத்தின. வாத்து வளர்ப்பது ஊரில் ஒரே வீடு, வாய்க்கால் கரையில் இருக்கும் பெமிலா வீடு. பெமிலா நன்றாகப் பாடுவாள் என்று ஊரே சொல்லும். ஆகவே முதல் பரிசுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. தொண்ணூற்றாறு. ஒரு தகுதியான பெண்ணைத் தூக்கிவிடுகிறோம் என்ற நினைப்பில் கொஞ்சம் தாராளமாகவே எழுதிவிட்டேன்: ‘இப்படி ஒரு குரல் இந்தச் சபைக்குக் கிடைத்தது ஆண்டவரின் கிருபை. இந்தக் குரலோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர் பாக்கியவான்.’

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் கவரைப் பிரித்தார். என் மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசியில் இருந்து வாசித்தார்.

“மூன்றாம் எண். முப்பத்தைந்து மார்க். சாருடைய குறிப்பு: ‘குரலில் களைப்பு தெரிகிறது. மாலை நேரங்களில் வீட்டில் இருந்து ஓய்வெடுப்பது நல்லது.’ பெயர், பெமிலா.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். பெமிலா கோபப்படவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முப்பத்தைந்து மார்க் வாங்கிய பிள்ளை சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இரண்டாம் எண் ரெஜிலா. ஒன்றாம் எண் ஜெஸ்பின். போதகர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

“நான்காம் எண். தொண்ணூற்றாறு. பெயர், நம்முடைய ரசலையன் சாரின் துணைவியார் தேவகனி.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “சார் எழுதியதையும் வாசிக்கிறேன். ‘இந்தக் குரலோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர் பாக்கியவான்.’”

சபை முழுவதும் என் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். பின்வரிசை அதை முடித்து வைத்தது. ஆள் தெரியாமல் மார்க் போட்டும் மனுஷன் மனைவியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று ஒரு பேச்சு. குரலை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார், என்ன அன்பு என்று இன்னொரு பேச்சு. வாசலில் ரிஜோ என் காதருகில் வந்தான்.

“நானும் மனசுல ஆன்ட்டியைத்தான் வச்சிருந்தேன் சார். சொல்ல பயம். நீங்க காப்பாத்திட்டீங்க.”

வீட்டுக்கு வந்ததும் அடுக்களை வாசலில் போய் நின்றேன்.

“ஏட்டி, எண்ணு போட்டதுல ஏதோ தப்பு நடந்திருக்கு.”

“என்ன தப்பு?”

“மூணாம் நம்பர் பெமிலாவா இருக்க முடியாது.”

“ஏன் இருக்க முடியாது?”

பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொன்னால் நான் தீர்ந்தேன். தேவகனி தேங்காய் துருவிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

“பதினோரு வருஷமா ‘சவத்தை நிறுத்து, சத்தம் தாங்க முடியல்ல’ன்னவரு, பாடும்போது மட்டும் ஃபேனைப் போடுன்னா எனக்கு சந்தேகம் வராதா? பெமிலாவை இங்க வரச் சொன்னேன். நம்ம ரூம்ல அவ பாடினா. அவ வீட்ல போய் நான் பாடினேன்.”

“அவளுக்கு முப்பத்தஞ்சு போட்டுட்டேனே. பாவம்லா.”

“அவளுக்கு விசா வந்தாச்சு. டிசம்பர் மூணாம் தேதி மாப்பிள்ளைகிட்ட மஸ்கட்டுக்குப் போறா. அவ பாடப்போறதே இல்ல. ‘சார் என்னதான் செய்வாருன்னு பாக்கணும் ஆன்ட்டி’ன்னு கூட நின்னா.” துருவலைப் பாத்திரத்தில் தட்டினாள். “நாலு பொம்பளைங்க பாடியிருக்கோம். நீங்க ஃபேனுக்கும் வாத்துக்கும் மார்க் போட்டிருக்கியள்.”

அந்த நேரத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். கௌரவம் விடவில்லை.

“மூணாம் நம்பர்ல தப்பு செஞ்சேன். ஒத்துக்கிடுதேன். ஆனா நாலாம் நம்பருக்குத் தொண்ணூத்தாறு போட்டது காதால கேட்டுத்தான்.”

“உள்ளதா?”

“உள்ளது.”

தேவகனி கையைத் துடைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். “ரிஜோ எல்லாத்தையும் குரூப்பில போட்டிருக்கான். வாத்து கத்துற இடத்தை விட்டுட்டு நடுவுல இருந்து போடுதேன். இன்னொரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க.”

போனை மேசைமேல் வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை உண்மையாகவே கேட்டேன். பேப்பர் இல்லை, பேனா இல்லை. குரல் பையப் பைய ஏறியது. மேலே போய் ஒரு இடத்தில் நின்றது. அப்புறம் படி இறங்குவது மாதிரி ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. இவ்வளவு நாளும் இதைக் கேட்காமல் செய்தித்தாளில் மார்க்கெட் நிலவரம் படித்திருக்கிறேன்.

பாட்டு முடிந்தது.

“தேவகனி,” என்றேன். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாளாயிற்று. “மேல ஏறிட்டு இறங்குத அந்த இடம் இருக்கு பாத்தியா, அதுக்கே நூறு போடணும். இனிமே ஆயிரம் பேருக்கு நடுவுல கேட்டாலும் உனக்க குரல் எனக்குத் தெரியும். நீ தினமும் பயிற்சிக்குப் போ. ராத்திரிக்கு நான் கஞ்சி வச்சுக்கிடுதேன்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

“கொள்ளாம்,” என்று போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “இது ரெண்டாம் நம்பர். ரெஜிலாகிட்ட சொல்லுதேன், சந்தோஷப்படுவா.”