வேதக்கார வீட்டு வேப்பிலை

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
2-7-1957

பேரன்பும் மரியாதையும் உள்ள வையம்பட்டி மச்சான் விக்டர் அவர்களுக்கு, தங்கள் தங்கை லூர்துராணியின் புருஷன் இன்னாசிராஜ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. அவ்விடம் மச்சான், அக்கா, பிள்ளைகள், மாடு கன்று யாவும் மாதாவின் அடைக்கலத்தில் நலமாயிருக்க மன்றாடுகிறேன். இவ்விடம் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதியும் விட்டேன். இனிமேல் உள்ளதை எழுதுகிறேன்.

கப்பலில் வந்து இறங்கிய விஷக்காய்ச்சல் பாலக்கரைக்கும் வந்தது மச்சான். முதலில் எனக்கு, பிறகு வரிசையாக நான்கு பிள்ளைகளுக்கும். சர்வேசுரன் புண்ணியத்தில் எல்லாரும் தேறிவிட்டோம். காய்ச்சல் வராதவள் உங்கள் தங்கை ஒருத்திதான். இப்போது அவளுக்குத்தான் என்னமோ ஆகிவிட்டது. என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

காய்ச்சல் கண்டவர்கள் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருங்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள், பள்ளிக்கூடமும் திறக்கவில்லை, ஆறு பேரும் ஒரே கூரைக்கடியில், நானாவது பொறுப்பாக நடந்துகொள்ள வேண்டாமா? பழைய சாமான் கடையில் ஒரு கைமணி வாங்கி வந்து காலையில் ஜெபத்துக்கு ஒரு மணி, காய்ச்சல் பார்க்க ஒரு மணி, பாடம் படிக்க ஒரு மணி என்று ஒழுங்கு செய்தேன். லூர்துராணியும் வரிசையில் வந்து நின்றுதான் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ள வேண்டும், அடுப்பில் பால் இருக்கிறது என்பதெல்லாம் காரணம் ஆகாது என்று சொல்லிவிட்டேன். போதாததற்கு, கோயில் பெண்களிடம் சொல்லி வைத்ததில், சாயங்காலம் பதினைந்து இருபது பேர் ஜெபமாலை சொல்ல வந்துவிடுவார்கள். நமக்காக மன்றாட வந்தவர்களைக் காப்பி கொடுக்காமல் அனுப்புவது மரியாதையா? பலகாரமும் போடச் சொன்னேன். எல்லாம் அவள் மனது தெம்பாக இருக்கட்டும் என்றுதான். ஆனால் அவள் எதைக் கேட்டாலும் 'ம்' என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள். மூத்தவள் இருதயமேரி பரண்மேல் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றாள். கடைக்குட்டி அற்புதசாமி ஆளைக் கண்டால் கடித்தான். ஒருநாள் அடுக்களையில் எட்டிப் பார்த்தால், உங்கள் தங்கை பால் சட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். என்ன என்றேன். ஒன்றும் இல்லீங்க என்றாள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து! அம்மை போட்ட வீட்டில் கட்டுவார்களே, அதே மாதிரி, திருஇருதயப் படத்துக்கு நேர் கீழே. நாம் வேதக்காரர்கள், நம் வீட்டில் யாருக்கும் அம்மையும் இல்லை. பிள்ளைகளின் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன், கொசுக்கடியைத் தவிர ஒன்றும் இல்லை. யார் கட்டியது என்று லூர்துராணியைக் கேட்டேன். எனக்கென்ன தெரியும் என்று உள்ளே போனாள். பிய்த்து எறிந்தேன். அடுத்த நாள் புதுக் கொத்து.

அதற்குள் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி மஞ்சள் தண்ணீரோடு வந்து வாசலிலேயே நின்று சட்டம் பேசிவிட்டாள். வேதமோ எதுவோ, ஆத்தா வந்த வீட்டில் தாளிக்கக்கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, வேற்றாள் வரக்கூடாது, முக்கியமாகச் சத்தம் கூடாது, அந்த மணியை அடித்தால் அவ்வளவுதான் என்றாள். எதற்கு வம்பு என்று மணி, பலகாரம் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தேன். ஜெபமாலைக்காரிகள் தெருமுனையிலேயே சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினார்கள். சுவாமியாரும் எதிர்த்த வரிசையில் நின்றபடியே ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போனார். எவனோ சொல்லி, அம்மை குத்துகிறவர் வேறு வந்து, இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கு இரண்டு கையிலும் குத்திவிட்டார். வலி தாங்காமல் கத்தினேன். சத்தம் போடாதீங்க என்று செல்லக்கிளி சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து அதட்டினாள்.

கடைசியில் எங்கள் ஹெட்கிளார்க் அழகிரி, ஸ்ரீரங்கத்துக்காரர், என்னை வேலைக்குத் திரும்பச் சொல்ல வந்தவர், வேப்பிலையைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. "பெருமாள் கிருபையில ஒண்ணும் ஆகாது. நீர் ஆபீஸ் பக்கமே வரவேண்டாம், அம்மை லீவு மூணு வாரம் உமக்கு உண்டு" என்று சொல்லிவிட்டு வந்த வழியே சைக்கிளை மிதித்தார். இந்த நல்ல செய்தியைச் சொல்ல உள்ளே ஓடினேன் மச்சான். கேட்டதும் உங்கள் தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள் பாருங்கள், அப்படி ஒரு அழுகை. முதலில் சந்தோஷம் என்று நினைத்தேன். அவள் நிறுத்தவே இல்லை.

இது பேயா, நரம்புக் கோளாறா, வெளிவராத அம்மையா, எனக்கு ஒன்றும் ஓடவில்லை. டாக்டரிடம் காட்டுவதா, மாதா கோயிலுக்கு நேர்ந்துகொள்வதா? அவள் இல்லாவிட்டால் நானும் பிள்ளைகளும் என்ன ஆவோம் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆகையால் இந்தக் கடிதம் கண்டவுடன் அக்காவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் புறப்பட்டு வரவும். பத்து நாளாவது தங்குகிற மாதிரி வரவும்.

அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தமும். திருக்குடும்பத்தின் ஆசீர் உங்கள் வீட்டில் தங்குவதாக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
இன்னாசிராஜ்

பி.கு: மச்சான், வர வேண்டாம். கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுக்களைக்குப் போனேன். லூர்துராணி சணல் கயிற்றால் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததைப் பார்த்தும் மறைக்கவில்லை. "நான்தாங்க கட்டுனேன். ரெண்டு நாளாச்சும் யாரும் வராம, யாரும் கூப்பிடாம இருந்தாப் போதும்னு தோணுச்சு. இல்லேன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கு லீவு குடுப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா கட்டியிருக்கவே மாட்டேன்" என்றாள். இரண்டு நாளாகக் கண்ணில் படாத கைமணி எங்கே என்று கேட்டேன். அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாளாம். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, பதில் சொல்வதற்குள் அவள் சுவரில் சாய்ந்தவாறே தூங்கிவிட்டாள். பட்டப்பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கொத்தை நானே கொண்டுபோய்க் கட்டினேன். கஞ்சியும் காய்ச்சினேன், உப்புப் போட மறந்துவிட்டேன், பிள்ளைகள் சத்தமில்லாமல் குடித்தார்கள். மேரி பரணிலிருந்து இறங்கி வந்தாள். அற்புதசாமி என்னை மட்டும்தான் கடித்தான். இன்னமும் எனக்கு முழுதாகப் புரியவில்லை. நீங்கள் வந்தால் அவள் எழுந்து காப்பி போடுவாள், அது மட்டும் புரிகிறது. அதனால் உங்கள் கிணற்றடி வேம்பில் ஒரு கொத்து ஒடித்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பவும். பெரிய கொத்தாக இருக்கட்டும். இங்கே கட்டினது வாடுகிறது, என் லீவு இன்னும் நிறைய இருக்கிறது.