பெண் பார்க்கப் போய்ப் படுத்தவன்

பெண் பார்க்கப் போன வீட்டிலேயே எட்டு நாள் படுத்துக் கிடந்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதைச் சொல்லக் கூச்சமிருக்காது.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. ஏரியூரில் வாத்தியாராக இருந்த எனக்கு மாரண்டஹள்ளியில் பெண் பார்த்திருந்தார்கள். துணைக்கு என் தாய்மாமன் வந்தார். பாலக்கோட்டைத் தாண்டியதும் ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். மாப்பிள்ளை மிடுக்கில், பஸ்ஸே என் ஒருவனால்தான் நகர்கிறது என்பதுபோல நான் முக்கினேன். இடுப்பில் ஏதோ சுளீரென்றது. வேட்டி கிழிந்துவிட்டதோ என்றுதான் திரும்பிப் பார்த்தேன். (அன்றைக்கு என் கவலையெல்லாம் வேட்டி மேல்தான்.)

பெண்ணின் அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். எழுந்திருக்கவில்லை. அந்த மரியாதைக் குறைவில் மாமாவின் முகம் சுருங்கியது. நான் பாயில் சம்மணமிட்டேன். பெண், மாதம்மாள், வந்து மோர்ச் சொம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. வலது புட்டத்தில் கிளம்பிய ஒரு தீ, தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கெண்டைக்கால் வழியே சுண்டுவிரலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு முடிந்து மாமா எழுந்தார். நான் எழவில்லை. மாமா குனிந்து என் காதில், "எந்திரிடா. பொண்ணு புடிச்சிருந்தா வூட்டுல போய்ச் சொல்லிக்கலாம்" என்றார். மோகத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. தும்மினேனா, கத்தினேனா என்று எனக்கே தெரியாது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். வாசலில் வேடிக்கை பார்த்த ஒரு பெண்மணி வலிப்பு என்று சொல்லி என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாள். எனக்கோ பாரிசவாயு வந்துவிட்டது என்று நிச்சயமாகிவிட்டது. இருபத்திநாலு வயதில் ஒரு கால் போய்விட்டதே என்று கண்ணில் நீர் முட்டியது.

உள்ளேயிருந்து மாதம்மாளின் குரல் கேட்டது.

"ஏனுங்க, ஒரே காலுலதானுங்களா? விரலுல எறும்பு ஊர்றாப்புல இருக்குதுங்களா?"

நான் ஆமாம் என்றேன். இருமினால் வலி ஏறுகிறதா என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். காலைத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். மாமா பதறிப்போய் என் இடது காலைத் தூக்கினார். அதில் ஒன்றுமில்லை. "அந்தக் கால் இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் வெளியே வந்தாள். என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, வலது குதிகாலைப் பிடித்து, முழங்கால் மடங்காமல் மெல்லத் தூக்கினாள். ஒரு முழம்கூட உயரவில்லை, நான் மறுபடி அலறினேன்.

கல்யாணமாகாத பெண் வேற்று ஆணின் காலைப் பிடித்ததைக் கண்டு வாசலில் நின்ற பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அதோடு விடவில்லை.

"ஒண்ணுக்குச் சரியாப் போவுதுங்களா?"

மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். போகிறது என்று நான் கூரையிடம் சொன்னேன்.

"அப்ப பயமில்லீங்க. இது இடுப்பு நரம்பு வலி. எங்கப்பாருக்கும் இதேதானுங்க. அதனாலதான் நீங்க வந்தப்பகூட அவரு எந்திரிக்கல."

இப்போது அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நோயாளி வீடு என்று சம்பந்தம் தட்டிப்போகும் எனப் பயந்து, வலியைக் கடித்துக்கொண்டு காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு வண்டிகட்டி அவரைக் கூட்டிப்போன மாதம்மாள், டாக்டர் கேட்ட கேள்விகளை அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறாள். ஒண்ணுக்கு நின்றுபோனாலோ பாதம் தொங்கினாலோ உடனே ஓடிவர வேண்டும், இல்லாவிட்டால் படுக்கையும் பொறுமையும் போதும் என்பது அந்த டாக்டர் சொன்னது.

மாமாவே போய் அந்தப் பெரியவருக்குக் கைகொடுத்துப் படுக்கவைத்தார். அவர் பக்கத்திலேயே எனக்கும் ஒரு கட்டில் போட்டார்கள். எட்டு நாளும் மாமனாராகப் போகிறவரும் நானும் கூரையைப் பார்த்துக்கொண்டே எங்கே சுளீரென்கிறது, எங்கே மரத்துப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்தோம். அதற்குமேல் பெண் பிடித்திருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுந்து ஓட என்னால் முடிந்திருக்காது. ஓடும் எண்ணமும் இல்லை.

இன்றும் குடும்பத்தில் யாருக்காவது கல்யாணப் பேச்சு எடுத்தால், என் மைத்துனன் எல்லோர் எதிரிலும் ஆரம்பித்துவிடுவான்: "எங்கக்கா இவரு காலப் புடிச்சுத்தானுங்க கல்யாணமே முடிச்சுது." மாதம்மாள் மறுப்பதில்லை. வலது கால் என்று மட்டும் திருத்துவாள்.