செவ்வாய் நாலாம் இடத்தில்

ஒரு விஷயத்தில் கிறுக்குப் பிடித்தவனிடம் அந்த விஷயத்தைப் பற்றி யாரும் வாய் தவறியும் கேள்வி கேட்கக் கூடாது. என் மாமனார் கேட்டார்.

எனக்கு வேற்றுக்கிரக உயிர்கள் என்றால் உயிர். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் செவ்வாய்க் கிரகத்தில்தான் குடியிருப்பேன். (லண்டனில் வாடகையில்லாத இடம் அது ஒன்றுதான்.) ஒரு பிறந்தநாள் விழாவில் தர்ஷினியைச் சந்தித்தபோது, கேக் வெட்டி முடியும்வரை அந்தக் கிரகத்தைப் பற்றியே பேசினேன். அவள் ஒரு தடவைகூட போனைப் பார்க்கவில்லை. பிரபஞ்சத்தில் இப்படியும் ஓர் உயிரா என்று அங்கேயே விழுந்துவிட்டேன். அவளுக்கும் விருப்பம். அவளுடைய அப்பா சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.

பெண் கேட்டுப் போன அன்று, வடக்கு லண்டன் எட்மண்டனில் அவர்கள் வீட்டு வாசலில் வைத்து அம்மா என் கையைக் கிள்ளினார்.

"உன்ரை ஏலியன் கதை ஒண்டும் இஞ்சை எடுக்கப்படாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

உள்ளே போனதும் அம்மா குசினிப் பக்கம் போய்விட்டார். முன்னறையில் நானும் தர்ஷினியின் அப்பாவும் மட்டும். அவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, உமக்குச் செவ்வாய் எப்பிடி?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கேட்டதற்குத்தானே பதில்!

"அதுதான் அங்கிள் எனக்கு எல்லாம்!"

"எத்தினையாம் இடத்திலை?"

"நாலாம் இடத்திலை!" (சூரியனிலிருந்து எண்ணிப் பாருங்கள்: புதன், வெள்ளி, பூமி, செவ்வாய். நான் சொன்னதில் என்ன பிழை?)

அவர் முகம் மலர்ந்தது. கதிரையைக் கிட்ட இழுத்தார்.

"கடுமையோ?"

"படு கடுமை. ஒரு உயிரும் தாங்காது. நிலத்துக்குக் கீழை போனாத்தான் கொஞ்சம் நிம்மதி."

"இப்பிடி ஒரு செவ்வாயைத்தான் கனகாலமாத் தேடுறன், தம்பி!"

"நீங்களும் தேடுறியளோ அங்கிள்!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேத்தண்ணியோடு வந்த அம்மா இதைக் கேட்டுப் பதறிப்போனார். "ஐயோ அண்ணை! இவனுக்குச் செவ்வாய்க் குற்றமே இல்லை!" கைப்பையிலிருந்து சாதகத்தை உருவி நீட்டினார். "இந்தாங்கோ, சுத்த சாதகம்!"

மலர்ந்த முகம் அப்படியே வாடிப்போனது. தர்ஷினிக்குச் செவ்வாய்க் குற்றமாம். அப்படிப்பட்ட பெண்ணுக்கு அதே குற்றமுள்ள மாப்பிள்ளைதான் பொருந்துமாம்.

"அப்ப ஏன் நாலாம் இடமெண்டு சொன்னீர்?"

"சூரியனிலை இருந்து, அங்கிள்..."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், ரொக்கெட் ஒன்று கையில் இருந்திருந்தால் என்னை அதிலேயே ஏற்றி அனுப்பியிருப்பார். எனக்கு அழுகை முட்டியது. வாழ்நாளெல்லாம் நேசித்த கிரகமே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டதே!

அப்போதுதான் அம்மாவுக்குப் பின்னால் வடைத் தட்டோடு வந்து நின்ற தர்ஷினி சிரிக்கத் தொடங்கினாள்.

"அப்பா, இவருக்கு எழும்பினாலும் செவ்வாய், படுத்தாலும் செவ்வாய். இதைவிடப் பெரிய செவ்வாய்க் குற்றத்தோடை ஒரு மாப்பிள்ளையை எங்கை போய்த் தேடப் போறியள்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார். ஆனால் பரிகாரமாக ஒரு நிபந்தனை போட்டார்: செவ்வாய்க்கிழமைகளில் நான் மச்சம் மாமிசம் தொடக் கூடாது.

இன்றுவரை தொடவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சாப்பாட்டு நேரம் பார்த்து மாமா போன் எடுப்பார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, வீடே கேட்க விசாரிப்பார்.

"என்ன மருமகன், செவ்வாயிலை உயிர் ஏதும் அகப்பட்டதோ?"

நான் சோற்றுக் கோப்பையைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சொல்வேன்.

"இல்லை மாமா. வெறும் கத்தரிக்காய்தான்."